இடது தூண்

பிப்ரவரி 4, செவ்வாய்

என் முதலாளி ஞானதிரவியம் அண்ணாச்சி ஒரு கொலைகாரர். இன்னும் யாரும் சாகவில்லை, அவ்வளவுதான்.

இன்று ஒரு பள்ளிக்கூட வேன் வந்தது. பின் இருக்கைக்குக் கீழே தரை துருப்பிடித்துக் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. குனிந்து பார்த்தால் ரோடு தெரியும். பிள்ளைகளுக்குப் பூகோளத்தை நேரடியாகவே காட்டிவிடலாம். தகடு வெட்டி வெல்டு வைக்க இரண்டு நாள் ஆகும் என்றேன். அண்ணாச்சி ஓட்டைக்கு மேல் ஒரு அட்டையை வைத்தார், பட்டி பூசினார், கறுப்புப் பெயிண்ட் அடித்தார், ரப்பர் பாயை விரித்தார். மூன்று மணி நேரத்தில் வேலை முடிந்தது. நாளை எஃப்.சி.க்கு, அதாவது ரோட்டில் ஓடத் தகுதிச் சான்று வாங்க, போகிறது. கிடைத்துவிடும். எப்போதும் கிடைக்கும்.

"பிள்ளைய என்னல வெயிட்டு இருக்கப் போவுது? யானையா ஏறுது?" என்றார்.

பாயின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது என் வேலை.

இந்த டைரி ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் இலவசமாகக் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் என்ஜின் ஆயில் விளம்பரம். என் பெயர் சுடலைமணி, வயது இருபத்து நான்கு, ஆட்டோமொபைல் டிப்ளமோ, ஆறுமுகநேரி. வேறு ஆள் கையில் கிடைத்தால் திருப்பித் தரவும். வாசித்தால் வாயை மூடிக்கொள்ளவும்.

பிப்ரவரி 7, வெள்ளி

அண்ணாச்சிக்குப் புகழ் ஆசை வந்திருக்கிறது. சென்னையில் ஒரு கூட்டம் ஏப்ரல் 27ஆம் தேதி நம் தேரியில் கார் ராலி நடத்தப் போகிறதாம். காயாமொழிக்கு மேற்கே ஏதோ தனியார் நிலத்தில், செம்மணல் மேட்டில் ஏறி இறங்கி முப்பது கிலோமீட்டர். பணக்காரர்களின் ஜீப்புகளுக்கு ஒரு பிரிவு. நம்மைப் போன்றவர்களுக்குக் கருணை அடிப்படையில் இன்னொன்று: இருபது வயது தாண்டிய பழைய கார், ஒர்க்‌ஷாப்பில் கட்டியது, என்ன மாற்றம் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்.

"ஞானம் ஆட்டோ ஒர்க்ஸ்னு கதவுல எழுதி விட்டம்னா டிவியில வரும்ல. ஏல மணி, நீ கட்டு."

"யாரு ஓட்டுவா அண்ணாச்சி?"

"நீதாம்ல ஓட்டுத. தேரிக்குள்ள முருங்கக்கா லோடு அடிச்சவன் நீ. ஒன்ன விட்டா எவனுக்குத் தெரியும்?"

"நெசமாவா?"

"பத்திரத்துல எழுதித் தரணுமோ?"

கேட்டிருக்க வேண்டும்.

தேரி மணலில் வண்டி ஓட்டுவது தனி வித்தை. டயரில் காற்றைப் பாதியாக இறக்க வேண்டும். பிரேக்கைத் தொடக் கூடாது. மேட்டில் குறுக்காகப் போகக் கூடாது, போனால் கவிழும். குட்டியானை வேனில் இரண்டு வருஷம் லோடு அடித்து இதைக் கற்றுக்கொண்டேன். அதற்கு யாரும் சான்றிதழ் தரவில்லை. ஐந்து வருஷமாக அடுத்தவன் வண்டிக்கு அடியில் படுத்துக் கிடக்கிறேன். ஒரு நாள் மேலே ஏறி, ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார வேண்டும். என் புரட்சி அவ்வளவுதான்.

பிப்ரவரி 10, திங்கள்

கார் கிடைத்தது. மாருதி எண்ணூறு, தொண்ணூற்று ஏழாம் வருஷ மாடல். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வீட்டு வேப்பமரத்தடியில் ஒன்பது வருஷமாக நின்றது. பின் சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

"முட்ட பொரிக்கது வரைக்கும் வண்டிய எடுக்கப்படாது" என்றார் அவர் மனைவி. வண்டிக்கு அவர் விலை பேசவில்லை, கோழிக்காகத்தான் பேசினார்.

கடைசியில் பின் சீட்டைக் கோழியோடு கழற்றி மரத்தடியில் வைத்துவிட்டு, மிச்ச வண்டியைக் கட்டி இழுத்து வந்தோம். எடைக் குறைப்பின் முதல் கட்டம் வெற்றி.

பிப்ரவரி 13, வியாழன்

கார்புரேட்டரில் எலிக் குடும்பம். வெளியேற்றப்பட்டது. மறுவாழ்வு வழங்கப்படவில்லை.

பிப்ரவரி 22, சனி

பகலில் வழக்கமான வேலை. ஆறு மணிக்கு மேல் இந்த வண்டி. கண்ணாடி, பம்பர், கதவின் உள்தகடு, ஹீட்டர் எல்லாம் கழற்றியாயிற்று. ஆறுமுகநேரியில் ஹீட்டர் போட்டு ஓட்டிய மனிதன் யாரோ, அவனைப் பார்க்க ஆசை. சுருள் கம்பிகளுக்கு அடியில் இரும்பு வளையம் வைத்து வண்டியை நான்கு அங்குலம் தூக்கியிருக்கிறேன். வேன் டயர் போடுவதற்காக மட்கார்டை வெட்டினேன். எண்ணூறுக்குத் திடீரென்று ரவுடிக் களை வந்துவிட்டது. சின்ன உடம்பு, பெரிய செருப்பு.

காற்று உறிஞ்சும் குழாயைக் கூரைக்கு மேலே கொண்டுபோனேன். மணல் போகாமல் இருக்க வாயில் அம்மாவின் பழைய நைலான் சேலையை நான்கு மடிப்பாகக் கட்டியிருக்கிறேன். அம்மாவிடம் சொல்லவில்லை. பழையது என்பது என் கணிப்பு.

பிப்ரவரி 27, வியாழன்

என்ஜினின் அடிவயிற்றில் கல் அடிக்காமல் இருக்கத் தகடு வேண்டும் என்றேன். அண்ணாச்சி எங்கோ காற்றில் விழுந்த நகைக்கடை போர்டை வெட்டிக் கொண்டுவந்தார். நல்ல கனம். மாட்டிவிட்டுக் கீழே படுத்துப் பார்த்தால், தலைகீழாகப் பெரிய எழுத்தில் "செய்கூலி இல்லை". ஆறு மணிக்கு மேல் செய்யும் வேலைக்கு இதைவிடத் தெளிவான ரசீதை யாரும் தரப் போவதில்லை.

மார்ச் 3, திங்கள்

ராலிக்காரர்களின் விதிப் புத்தகம் வந்தது. முப்பத்து நான்கு பக்கம், ஆங்கிலத்தில். அண்ணாச்சி அட்டையைப் பார்த்துவிட்டு "நல்லா அடிச்சிருக்கானுவ" என்று என்னிடம் தந்தார்.

முக்கியமான விஷயம் கூடு. வண்டி கவிழ்ந்தால் கூரை தலையில் இறங்கிவிடாமல் தாங்க, உள்ளே இரும்புக் குழாயால் கூடு கட்ட வேண்டும். ஓட்டுநர் பக்கம் ஒரு தூண், வழி சொல்பவர் உட்காரும் இடது பக்கம் ஒரு தூண், இரண்டையும் இணைக்கும் குறுக்குக் குழாய்கள். குழாயின் கனம் குறைந்தது இரண்டரை மில்லி. அதை அளப்பதற்காக ஒரு தூணில் சின்னதாக ஒரு துளையைக் கட்டுகிறவரே போட்டு வைக்க வேண்டும். பரிசோதகர் அதில் கருவியை விட்டு அளப்பார்.

ஒரு தூணில். எந்தத் தூண் என்று புத்தகம் சொல்லவில்லை.

மார்ச் 6, வியாழன்

அண்ணாச்சி குழாய் கொண்டுவந்தார். நீலப் பெயிண்ட் பளபளக்கிறது. எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன். "பைப்பு பைப்புதாம்ல" என்றார். வெல்டு வைத்தால் சில இடங்களில் பொத்துக்கொண்டு போகிறது. வெல்டிங் மிஷின் சரியில்லை என்று நினைக்கிறேன்.

மார்ச் 8, சனி

அம்மா உப்பளத்திலிருந்து வரும் வழியில் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். காலில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. கண்ணாடியில்லாத ஜன்னல் வழியாக வண்டிக்குள் எட்டிப் பார்த்தவள், தூக்குவாளி மூடியால் குழாயில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"ஏ ராசா, இது எங்க பாத்திக்குத் தண்ணி எறைச்ச பைப்புல்லா?"

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"சத்தத்தக் கேட்டா தெரியாதா? இருவது வருசமா இதத் தாண்டித்தான் நடக்கேன். வெளிய நல்லாத்தான் இருக்கும். உள்ள உப்பு தின்னுருக்கும். போன மாசம் கழத்தி எடுக்கும்போதே ரெண்டா ஒடிஞ்சி மாரியக்கா கால்ல விழுந்துச்சே, சொல்லல? இப்ப எல்லாம் பிளாஸ்டிக்கு போட்டுட்டாவ. இத எடைக்குப் போட்டாவ."

"பெயிண்ட் அடிச்சிருக்கும்மா."

"அடிச்சா?"

"அடிச்சா சரியாயிரும்."

அம்மா தூக்குவாளியை என் கையில் கொடுத்தாள். பிறகு, குழம்பில் உப்பு குறைவு, பார்த்துச் சாப்பிடு என்று சொல்லிவிட்டுப் போனாள். உப்பளத்தில் வேலை பார்ப்பவர்கள் வீட்டுக் குழம்பில் எப்போதும் உப்பு குறைவு. இதை யாராவது ஆராயலாம்.

மார்ச் 11, செவ்வாய்

வேறு குழாய் வேண்டும் என்று அண்ணாச்சியிடம் கேட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். "அப்பம் ராலி வேண்டாம்ல" என்பார். ராலி வேண்டாம் என்றால் ஸ்டியரிங்கும் வேண்டாம். அதனால் கேட்கவில்லை.

பழைய ஜே.சி.பி. ஒன்றின் ஹைட்ராலிக் குழாய் ஷெட்டுக்குப் பின்னால் கிடந்தது. அருமையான இரும்பு. ஆனால் ஒரு தூணுக்குத்தான் வரும். வலது பக்கத் தூணை அறுத்து எடுத்துவிட்டு அதை வைத்தேன். வெல்டு பட்டுப் போல உட்கார்ந்தது. பரிசோதனைத் துளையையும் அதிலேயே போட்டேன். அளந்து பார்த்தேன்: மூன்று மில்லிக்குக் கொஞ்சம் மேல். எல்லாவற்றுக்கும் மேலே ஒரே நிறத்தில் மஞ்சள் பெயிண்ட்.

இது ஏமாற்று இல்லை. இருக்கும் நல்ல பொருளை முக்கியமான இடத்தில் வைப்பது. இதற்குப் பெயர் பொறியியல். அண்ணாச்சி செய்வது பட்டி.

இடது பக்கம் உட்காரப் போகும் ஆள் யார் என்று இன்னும் முடிவாகவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

இன்று அண்ணாச்சி சர்ச்சுக்குப் போயிருந்த நேரத்தில் வண்டியைத் தேரிக்குக் கொண்டுபோனேன்.

எதையாவது நக்கலாக எழுதலாம் என்று பார்க்கிறேன், வரவில்லை. முதல் மேட்டில் ஏறும்போது பானட்டுக்கு மேல் வானம் மட்டும் தெரிந்தது. உச்சியில் நான்கு டயரும் ஒரு நொடி எதையும் தொடவில்லை. இறங்கும்போது சிவப்பு மணல் இரண்டு பக்கமும் தண்ணீர் மாதிரி பிரிந்தது. ஒன்பது வருஷம் கோழிக்கூடாக இருந்த வண்டி. நான் செய்தது. வாய்விட்டுக் கத்தினேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ஓடி வந்தார்.

மார்ச் 20, வியாழன்

அண்ணாச்சியின் மகன் ப்ளெஸ்வின் பெங்களூரிலிருந்து வந்திருக்கிறான். கம்ப்யூட்டர் கம்பெனி, வீட்டிலிருந்தே வேலையாம். வேலை பார்ப்பதாகத் தெரியவில்லை, வீட்டில் இருப்பதாகவும் தெரியவில்லை. ஒர்க்‌ஷாப்பில்தான் நிற்கிறான். வண்டியைப் பார்த்து "செம ப்ரோ, செம ப்ரோ" என்று ஏழு முறை சொன்னான். எண்ணினேன்.

மார்ச் 24, திங்கள்

ப்ளெஸ்வின் வீடியோ போடுகிறான். "கோழிக்கூட்டிலிருந்து ராலி வரை, பகுதி ஒன்று". அதில் வெல்டு வைப்பது என் கை. நட்டு முறுக்குவது என் கை. முகம் முழுக்க ப்ளெஸ்வின். பார்த்த ஒருவர் கீழே கேட்டிருக்கிறார்: "அந்தக் கை யாருது ப்ரோ?"

இதுவரை பதில் இல்லை. நானே போடலாமா என்று யோசித்தேன்: "கை பேசுகிறேன்."

ஏப்ரல் 1, செவ்வாய்

தேதியைப் பார்த்து விளையாட்டு என்றுதான் நினைத்தேன்.

"ஏல மணி, தம்பி ஓட்டட்டும்ல. அவன் ஓட்டுனா வீடியோவ ஆயிரம் பேரு பாப்பான். நீ ஓட்டுனா ஒங்கம்ம பாப்பா."

"நான் ஓட்டுதேன்னுதான அண்ணாச்சி கட்டுனேன். நீங்க சொன்னியள்லா?"

"சொன்னேன். இப்பம் இதச் சொல்லுதேன்."

"தேரியில வண்டி ஓட்ட அவருக்குத் தெரியாது."

"நீ பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடு. வழி சொல்லுதவனும் டிரைவர் மாதிரிதாம்ல. ரெண்டு பேரும் ஒரே ஹெல்மெட்டுதான போடுதிய?"

ஸ்பானரை எறிந்தேன். அவர் மேல் இல்லை, சுவரில். அங்கே நின்ற கஸ்டமர்கள் எல்லோரும் பார்த்தார்கள். இந்தச் சீட்டுக்காக மணிப் பயல் பைத்தியமாக அலைகிறான் என்று நாளைக்கு ஊருக்கே தெரியும்.

ஏப்ரல் 2, புதன்

இடது பக்கம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

பயிற்சி. நான் இடது பக்கம் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறேன். பிரேக்கைத் தொடாதீங்க. குறுக்கப் போகாதீங்க. அவன் குறுக்கேதான் போகிறான். ஒரு மேட்டில் வண்டி சாய்ந்து வலது பக்கச் சக்கரங்கள் இரண்டும் மேலே எழும்பின. என் பக்கத்து ஜன்னலில் மணல் தெரிந்தது. கையை நீட்டினால் அள்ளலாம். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு வண்டி நேராக விழுந்தது.

ப்ளெஸ்வின் சிரித்தான். நானும் சிரித்தேன், பல் மட்டும்.

"ப்ரோ, கவுந்தாலும் இந்தக் கூடு தாங்கும்ல?"

"தாங்கும்."

"நீங்க கட்டுனது, தாங்காம இருக்குமா" என்று தூணில் செல்லமாகத் தட்டினான். வலது தூணில். மணி போல ஒலித்தது.

ஏப்ரல் 12, சனி

ப்ளெஸ்வின் மோசமானவன் இல்லை. இது எனக்குப் பெரிய தொந்தரவாக இருக்கிறது.

ஓட்டக் கற்றுக்கொண்டும் விட்டான். கதவில் ஒட்டுவதற்குப் பெயரும் ரத்த வகையும் ஸ்டிக்கராக அடிக்க வேண்டும் என்பது விதி. விபத்து நடந்தால் ஆஸ்பத்திரிக்காரர்கள் தேட வேண்டியதில்லையாம். அண்ணாச்சி என் பெயரை "மணி" என்று மட்டும் எழுதச் சொன்னார். சுடலை என்று போட்டால் விளம்பரம் தருகிறவன் ஓடிவிடுவானாம். ப்ளெஸ்வின் கேட்கவில்லை. இடது கதவில் பெரிதாக "சுடலைமணி, பி பாசிட்டிவ்" என்று ஒட்டிவிட்டான்.

"அப்பா கெடக்காரு ப்ரோ. கட்டுனது நீங்க. அடுத்த வீடியோவுல ஒங்க மூஞ்சியும் வரும்."

இவன் தன் அப்பாவைப் போல இருந்திருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 17, வியாழன்

இன்று அண்ணாச்சியிடம் பேச்சுவாக்கில் கேட்டேன்.

"கூட்ட ஒருக்க மாத்திக் கட்டிருவமா?"

"எதுக்குல? ஓட்டையில நானே அளந்து பாத்தேன். மூணு மில்லி இருக்கு. நான் பயந்துக்கிட்டேதான் அந்தப் பைப்ப எடுத்துட்டு வந்தேன். சும்மா சொல்லக் கூடாது, நல்ல பைப்பு."

இந்த மனிதர் தன் வாழ்நாளில் முதல்முறையாக ஒன்றை அளந்து பார்த்திருக்கிறார். அதுவும் நான் போட்ட ஓட்டையில்.

அப்போது சொல்லியிருக்கலாம். ஒரு ஆட்டோ வந்து நின்றது. கிளட்ச் கேபிள் மாற்றப் போய்விட்டேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

அம்மா கேட்டாள்: "அந்தப் பைப்ப மாத்திட்டியாடா?" மாத்திட்டேன் என்றேன். பாதி உண்மை. வலது பாதி.

ஏப்ரல் 26, சனி

இன்று பரிசோதனை. வெயிலில் முப்பது வண்டிகள் வரிசை. நமக்கு எண் 17. பரிசோதகர் கோயம்புத்தூர்க்காரர், ஐம்பது வயது இருக்கும். எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார். இவர் கண்டுபிடித்துவிடுவார் என்று நினைத்தேன். கண்டுபிடிக்க வேண்டும் என்று நினைத்தேனா, கூடாது என்று நினைத்தேனா, நினைவில்லை.

சீட் பெல்ட் பார்த்தார். தீயணைப்பானில் தேதி பார்த்தார். கூரைக் குழாயின் வாயில் கட்டிய சேலையை முகர்ந்து பார்த்துச் சிரித்தார். கீழே படுத்து "செய்கூலி இல்லை"யைப் போட்டோ எடுத்துக்கொண்டார். பிறகு வலது தூணில் துளையைத் தேடிக் கண்டுபிடித்துக் கருவியை விட்டார்.

"மூணே கால். ஜீப் கட்டிட்டு வந்தவங்களே இவ்வளவு கனத்துல போடலை. வெல்டும் சுத்தமா இருக்கு. யாருங்க கட்டுனது?"

ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கேள்வியை ஒருவர் கேட்கிறார். அண்ணாச்சி என் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினார். "நம்ம பையன்தான் சார். சுடலைமணி." முழுப் பெயர். எல்லோருக்கும் முன்னால்.

பரிசோதகர் கை கொடுத்தார். "நல்ல வேலை தம்பி. கோவைப் பக்கம் வந்தா என்னைப் பாருங்க."

நான் நன்றி சார் என்றேன். அதைத்தான் சொன்னேன்.

கூட்டில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டினார். வண்டியைக் கயிறு கட்டிய அடைப்புக்குள் நிறுத்திவிட்டார்கள். காலையில் ஓட்டத்துக்கு வெளியே எடுக்கும் வரை ஓட்டுகிறவர், கட்டியவர் யாருமே தொடக் கூடாது. பரிசோதனைக்குப் பிறகு யாரும் ஏமாற்றிவிடக் கூடாதாம். அருமையான விதி.

ஏப்ரல் 27, ஞாயிறு, காலை 6.10

வழித்தாளைப் பார்த்தேன். பதினோராவது கிலோமீட்டரில் மேட்டின் விலாவில் நானூறு மீட்டர் குறுக்காகப் போக வேண்டும். இடது பக்கம் பள்ளம்.

வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். உட்கார முடியாது, நான்கு முறை போய்விட்டேன் என்றேன். வழி சொல்பவர் இல்லாமல் வண்டி கிளம்ப முடியாது, அதுவும் விதி. ஆகவே வண்டி நிற்கும். ப்ளெஸ்வின் கொஞ்ச நேரம் வருத்தப்படுவான். யாருக்கும் எதுவும் ஆகாது. கூட்டைப் பற்றி யாரும் எதுவும் பேச வேண்டியதும் இல்லை. நல்ல யோசனை. இதை நேற்றே செய்திருக்கலாம்.

காலை 6.40

அண்ணாச்சி உட்காருகிறார்.

"நான் உக்காருதேன்ல. தாள வாசிக்கத் தெரியாதா எனக்கு? அம்பத்தெட்டு வயசுல ராலி ஓடுனாம்னு பேப்பர்ல வரட்டும்."

என் ஹெல்மெட் அவர் தலையில் கச்சிதமாக இருக்கிறது. இடது கதவிலிருந்து என் பெயரை உரித்து அவர் பெயரைப் பேனாவால் எழுதிவிட்டார்கள். ரத்த வகையை உரிக்க நேரமில்லை. அவருக்கு ஓ. வண்டியில் பி பாசிட்டிவ்.

காலை 7.00

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"அண்ணாச்சி, எறங்குங்க. ஒங்க பக்கத்துத் தூணு உப்பளத்துப் பைப்பு. உள்ள ஒண்ணும் கெடையாது. வலது பக்கம் மட்டுந்தான் நல்ல பைப்பு. நான்தான் அதுல ஓட்டையப் போட்டேன்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு சுற்றி நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தார்.

"இவ்வளவு நேரம் வயித்து வலி. இப்பம் பைப்பு வலி. சீட்டு கெடைக்கலன்னு ஸ்பானரத் தூக்கி எறிஞ்ச பயதான நீ?"

"அம்ம மேல சத்தியமாச் சொல்லுதேன்."

"பரிசோதன பண்ணுன ஆளு முட்டாளு, நீ அறிவாளி. என்னல?"

ப்ளெஸ்வின் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து என்னைப் பார்த்தான். அவனுக்குக் கோபம் இல்லை. அதுதான் மோசம். "ப்ரோ, தாங்கும்னு நீங்கதான சொன்னீங்க? எதுக்கு இப்ப இப்பிடிப் பண்ணுறீங்க?" என்றான். ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிக்கொண்டான்.

பரிசோதகரிடம் ஓடினேன். இடது தூணில் ஒரு ஓட்டை போடுங்கள், ஒரே ஓட்டை என்றேன். ஜீப் ஒன்றின் பெல்ட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டே, "நேத்தே பாத்தாச்சே தம்பி. நல்ல வேலைன்னு சொன்னேன்ல?" என்றார். கட்டியவனே தன் வேலையைக் குறை சொல்லுவதை அவர் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டாரோ என்னவோ.

அண்ணாச்சி சொல்லி என் கழுத்துப் பாஸைப் பிடுங்கிவிட்டார்கள்.

காலை 7.20

கயிற்றுக்கு இந்தப் பக்கம், ஜனத்தோடு ஜனமாக நிற்கிறேன். ஒருமுறை கயிற்றைத் தாண்டினேன். கறுப்புச் சட்டை போட்ட இரண்டு பேர் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி வந்து திரும்ப இங்கேயே வைத்தார்கள். ப்ளெஸ்வினுக்குப் போன் போட்டேன். அடிக்கிறது, அவன் எடுக்கவில்லை. அது டேஷ்போர்டில் கட்டப்பட்டு வீடியோ எடுத்துக்கொண்டிருக்கிறது.

பிப்ரவரி நான்காம் தேதியைத் திருப்பிப் பார்த்தேன். முதல் வரியில் பெயரை மட்டும் மாற்ற வேண்டும். இப்போது நேரமில்லை.

டைரியில் ஒரு தாளைக் கிழித்து எழுதிக் கயிற்றோரம் நின்ற ஒரு பெண்ணிடம் கொடுத்தேன். அவர் கொடி அசைப்பவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். கொடிக்காரர் வாங்கினார், மடித்தார், சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஆயில் விளம்பரத் தாளில் எழுதிய எதையும் யாரும் உடனே வாசிப்பதில்லை போலிருக்கிறது. அதே வரிகளை இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

"வண்டி எண் 17ஐ நிறுத்துங்கள். வலது தூணில் உள்ள ஓட்டையை நம்பாதீர்கள். அதை நல்ல குழாயில் போட்டு உங்களை ஏமாற்றியவன் நான். இடது தூணில் ஒரு ஓட்டை போட்டுப் பாருங்கள். கட்டியவன், சுடலைமணி."

15 கிளம்பிவிட்டது. ஒரு வண்டிக்கு இரண்டு நிமிடம்.

காலை 7.24

16 கிளம்பிவிட்டது. 17 கோட்டுக்கு வந்து நிற்கிறது. என்ஜின் சத்தம் அருமையாக இருக்கிறது. அண்ணாச்சி இடது ஜன்னல் வழியாகக் கையை வெளியே நீட்டி ஜனங்களுக்கு ஆட்டுகிறார். இன்னொரு கையால் தூணைப் பிடித்திருக்கிறார்.

மூன்று முறை கத்திவிட்டேன். கொடிக்காரர் திரும்பவில்லை. சட்டைப் பையிலிருந்து தாளின் முனை வெளியே தெரிகிறது. அவர் கையை உயர்த்துகிறார்.

சார், பையில இருக்க அந்தத் தாள எடுத்துப் படிங்க.